பிள்ளை தூக்கும் ஸ்லிங்: உங்கள் புளோக்கில் ஓர் இரவல் அலமாரி தொடங்குவது எப்படி

சிங்கப்பூரின் ஈசூனில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். அதோடு, சுற்றுவட்டார அடுக்குமாடிப் புளோக்குகளில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு, பிள்ளையை உடம்போடு சேர்த்துக் கட்டித் தூக்கும் ஸ்லிங், கேரியர் எல்லாம் இரவல் கொடுக்கும் அலமாரி ஒன்றையும் பார்த்துக்கொள்கிறேன். "அக்கா, எங்க பேட்டையிலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், என்ன செய்யணும்?" என்று செங்காங்கிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவல் வாங்குபவர் உடம்பில் கட்டிப் பார்க்காமல் ஒரு துணிகூட உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணிக்கு மனமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இரவல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பட்டைகளைப் பக்கிளால் மாட்டிக்கொள்ளும் நல்ல பக்கிள் கேரியர் ஒன்று இங்கே 200 வெள்ளியைச் சுலபமாகத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்து வாங்கி, பிள்ளைக்குப் பிடிக்காமல், அம்மாவுக்குத் தோள் வலித்து, கடைசியில் பழைய சாமான் விற்கும் கேரசெல் செயலியில் பாதி விலைக்கு விற்பவர்கள் ஏராளம். உடம்பைச் சுற்றிக் கட்டும், இழுபடும் நீளத் துணியான ஸ்ட்ரெச்சி ராப்போ பிள்ளை கொஞ்சம் கனம் போட்டதும் தொய்ய ஆரம்பித்துவிடும். சில மாதப் பயன்தான். இப்படிப்பட்ட சாமானைச் சொந்தமாக வைத்திருப்பதைவிட இரவல் வாங்குவதுதான் புத்தி.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை நிமித்தம் இங்கே வந்து குடியிருக்கும் தம்பதிகளுக்கு ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ விசிட் பாஸில் வந்து பிரசவம் பார்ப்பார்கள். பாஸ் முடிந்து அவர்கள் விமானம் ஏறிய மறுநாள்தான் எனக்கு அழைப்பு வரும். இறக்கினால் அழுகிற பிள்ளை, அடுப்படியில் பாத்திரம், கைகளோ இரண்டே இரண்டு. 2017 ஏப்ரலிலிருந்து பேருந்தில் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்றலாம் என்றாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் தேக்கா ஈரச்சந்தையில் மீன் கடைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ட்ரோலரைத் தள்ளிப் பாருங்கள், அப்போது தெரியும்.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

ஏழெட்டு உருப்படி போதும். ஸ்ட்ரெச்சி ராப் இரண்டு, வளையத்தில் கோத்து ஒரு தோளில் போடும் ரிங் ஸ்லிங் இரண்டு, நாலு மூலையில் நாடா வைத்த சீனர்களின் மெய்-டாய் ஒன்று, பக்கிள் கேரியர் இரண்டு அல்லது மூன்று. இதை வைத்துப் பிறந்த பிள்ளையிலிருந்து நடக்கிற பிள்ளை வரை சமாளிக்கலாம். முதுகில் தூக்கும் ஜப்பானிய ஓன்புஹிமோ, போர்வைபோல் சுற்றிக் கட்டும் கொரியப் பொடேகி எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும். ஓன்புஹிமோ தானாக உட்காரப் பழகிய பிள்ளைக்குத்தான். பொடேகி கட்டச் சொல்லித்தர ஆள் வேண்டும். ஆரம்பத்திலேயே வேண்டாம்.

துணி விஷயத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தை மறக்காதீர்கள். குளிர் நாட்டுக்காகச் செய்த தடித்த காட்டன் ராப்பை உடம்பைச் சுற்றி மூன்று அடுக்காகக் கட்டினால், புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் போவதற்குள் தாயும் பிள்ளையும் நனைந்துவிடுவார்கள். ராப் என்றால் மெல்லிய மூங்கில் விஸ்கோஸ் கலந்தது, ரிங் ஸ்லிங் என்றால் லினன் கலந்தது, பக்கிள் கேரியர் என்றால் வலைத்துணி வைத்தது. இரவல் கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள்: அந்தத் துணியும் ஓர் அடுக்கு உடுப்புதான், உள்ளே பிள்ளைக்கு மெல்லிய சட்டை போதும். பிடரியில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக ஈரமாக இருந்தால் உடனே அவிழ்த்து வெளியே எடுக்க வேண்டும்.

பழையதைத் தானமாகக் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

பை மாதிரி இருக்கும் ஸ்லிங், அதாவது பிள்ளையை உள்ளே படுக்கவைத்துத் தோளில் மாட்டிக்கொள்வது, யார் கொடுத்தாலும் அலமாரிக்கு வேண்டாம். அதில் கிடக்கும் பச்சைப்பிள்ளையின் முதுகு வளைந்து, மோவாய் நெஞ்சோடு ஒட்டி, மூச்சுக்குழல் மடங்கிவிடும். கழுத்து நிற்காத பிள்ளையால் தலையைத் தானாக நிமிர்த்த முடியாது. அழவும் முடியாது. அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைகள் இறந்துபோய், 2010 மார்ச்சில் அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட்டு, சுமார் பத்து லட்சம் பைகளைத் திரும்பப் பெற வைத்தது. இன்னும் சில வீட்டு அலமாரிகளில் அப்படிப்பட்ட பைகள் கிடக்கின்றன. "சும்மா வெச்சுக்கங்க, நல்ல கண்டிஷன்" என்று நீட்டுவார்கள். வாங்கி, நீங்களே கத்தரித்துப் போட்டாலும் புண்ணியம்.

அடுத்தது போலி. பிரபலமான பக்கிள் கேரியர்களுக்கெல்லாம் அச்சு அசலாகப் போலி உண்டு. எனக்கு ஒருவர் புத்தம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தூரத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கையில் எடுத்துத் தோள்பட்டையை உடலோடு சேர்த்திருக்கும் இடத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் நல்ல கம்பெனிக்காரன் சதுரம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி போல் குறுக்கே தைத்திருப்பான், அல்லது நெருக்கமாகப் பல வரிசை அடித்திருப்பான். இதில் ஒரே ஒரு நேர்த்தையல், அதுவும் ஓர் அங்குலத்துக்கு ஐந்தாறு தையல்தான். பாவாடை நாடாவுக்கே நான் அதைவிட நெருக்கமாக ஓட்டுவேன். கையேட்டில் எழுத்துப் பிழை, உற்பத்தித் தேதிச் சீட்டு இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

தையல் தெரியாதவர்களுக்குச் சோதனை செய்யும் முறையைச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே துணியை விரித்துப் பிடியுங்கள். நைந்த இடம் இருந்தால் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். பிறகு ஒவ்வொரு தையலின் இரு பக்கத்தையும் கட்டைவிரல்களால் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். நூல் பல்லிளித்தால் அந்த உருப்படிக்கு ஓய்வு. பக்கிளைப் பத்துப் பதினைந்து தடவை மாட்டிக் கழற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரே மாதிரிச் சத்தம் வர வேண்டும். பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தால் விரிசல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரிங் ஸ்லிங்கில் வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றித் தடவுங்கள். எங்கும் ஒட்டு தட்டக் கூடாது. சாமான் கடையில் கிடைக்கும், பற்றவைத்த வளையம் பிள்ளையின் கனத்தில் ஒட்டு விட்டுவிடும். ஸ்லிங்குக்கென்றே செய்யும் ஒட்டில்லாத அலுமினிய வளையம் தனியாக விற்கிறது.

சேலையில் தைக்கலாமா என்று கேட்பார்கள். கேட்காத அம்மா இல்லை. நல்ல தறியில் நெய்த, நெருக்கமான பருத்திச் சேலையில் தைக்கலாம். பட்டு, ஜார்ஜெட், சரிகை எதுவும் ஆகாது. ஒன்று வழுக்கும், அல்லது பிள்ளைக்குக் குத்தும். ஐந்தரை மீட்டர் சேலை ஒரு ரிங் ஸ்லிங்குக்கு வேண்டியதைவிட இரு மடங்குக்கு மேல். ஆனாலும் வீட்டில் தைத்ததை அந்தந்த வீட்டுக்குத்தான் தைத்துக் கொடுப்பேன். இரவல் அலமாரியில் வைக்க மாட்டேன். பல கை மாறும் பொருளுக்கு எடை அளவு எழுதிய கம்பெனிச் சீட்டு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இடம், சட்டம், காகிதம்

வீட்டில் ஓர் அலமாரித் தட்டு போதும். புளோக் கீழே மேசை போட்டுச் செய்ய வேண்டுமென்றால் நகர மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வசிப்போர் குழு வழியாகப் போனால் இன்னும் சுலபம், அவர்களிடம் ஓர் அறையும் காற்றாடியும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தலைவர், செயலாளர் என்று போட்டு நடத்த ஆரம்பித்தால் சங்கங்கள் சட்டப்படிப் பதிவு செய்ய வேண்டிவரும். மூன்று நான்கு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிதாகப் போனால் சமூக மன்றத்தின் குடைக்குள் போய்விடுங்கள்.

இரவல் வாங்குபவரிடம் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்காத இடத்தில் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணை வாங்குவதற்கோ நகல் எடுப்பதற்கோ தடை இருக்கிறது. நீங்கள் அமைப்பு இல்லை, தனி ஆள்தான் என்றாலும் அந்த வம்பு நமக்கெதற்கு? பெயர், கைபேசி எண், எந்த உருப்படி, பிள்ளையின் வயது, எடை. இவ்வளவு போதும்.

பிணைப்பணம் 50 வெள்ளி வாங்குகிறேன், திருப்பிக் கொண்டுவந்ததும் கைபேசி வழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அப்படியே அவர்களுக்குப் போய்விடும். துவைப்பதற்கும் தேய்மானத்துக்கும் ஒரு தடவைக்கு 10 வெள்ளி. இலவசமாகக் கொடுத்தால் துணி சோபாவுக்கு அடியில் கிடக்கும், திரும்பி வராது. கொடுக்க முடியாத குடும்பம் என்று தெரிந்தால் வாய் திறக்காமல் விட்டுவிடுவேன். தவணை இரண்டு வாரம், வரிசையில் ஆள் இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம். அதற்குள் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். பிடித்தால் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு உருப்படியிலும் இடுப்புப் பட்டையின் உள்பக்கமோ ராப்பின் ஓரத்திலோ ஒரு துண்டு பருத்தி நாடாவில் எண்ணைச் சிவப்பு நூலால் தைத்து வையுங்கள். பேனாவில் எழுதினால் நாலு துவைப்பில் போய்விடும். கனம் தாங்கும் தையலின் மேல் மட்டும் ஊசியை இறக்காதீர்கள். கொடுக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரு படம், திரும்பும்போது ஒரு படம். சண்டைக்கு வேலையே இல்லை.

அந்த அரை மணி நேரம்

மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்வேன், அப்போதுதான் கணவரும் வருவார். இரண்டு பேரும் வர வேண்டும். கட்டப் போகிறவர் பணிப்பெண் என்றால் அவரும் வரட்டும்.

முதலில் பிள்ளையைத் தொடவே மாட்டேன். ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, அதை வைத்துக் கட்டச் சொல்வேன். அப்பாக்கள் சிரிப்பார்கள். முடிச்சு தளர்ந்து அரிசி நழுவும்போது சிரிப்பு நின்றுவிடும். இரண்டு தடவை ஒழுங்காகக் கட்டிய பிறகுதான் பிள்ளை. அதுவும் பால் குடித்து, ஏப்பம் விட்டு, பாம்பர்ஸ் மாற்றிய பிள்ளை. பசித்த பிள்ளையை வைத்துப் பழக நினைத்தால் மூன்று பேருமே அழ வேண்டியதுதான்.

கட்டியதும் பார்க்க வேண்டியவை ஐந்து. பிரிட்டனில் ஸ்லிங் செய்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் சேர்ந்து வகுத்த 'டிக்ஸ்' விதிகள்தான் இவை, நான் என் வழியில் சொல்கிறேன். துணி இறுக்கமாக இருக்க வேண்டும். நீங்கள் குனிந்தாலும் பிள்ளை உங்கள் உடம்பை விட்டு விலகக் கூடாது. குனிந்து பார்க்காமலே பிள்ளையின் முகம் கண்ணில் பட வேண்டும். தலையைச் சாய்த்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரம். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். முதுகு இயல்பான வளைவில், துணி தாங்கிப் பிடிக்க இருக்க வேண்டும்; உள்ளங்கையால் முதுகை மெதுவாக அழுத்தினால் பிள்ளை மேலும் சுருளக் கூடாது. இந்த ஐந்தில் மோவாய்தான் என்னைத் தூங்கவிடாதது. அதனால் மூன்று தடவை சொல்வேன். பால் கொடுக்கத் தளர்த்தினால், கொடுத்து முடித்ததும் மறுபடி மேலே தூக்கி இறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, சளி பிடித்து மூச்சு வாங்கும் பிள்ளை என்றால் இரவல் கிடையாது. முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். பக்கிள் கேரியர் பலவற்றுக்கு 3.2 கிலோவில்தான் கணக்கே தொடங்கும், சீட்டைப் பாருங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இடுப்புப் பட்டை தையல் போட்ட இடத்தில் அழுந்தாமல் மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கொஞ்ச நாள் ரிங் ஸ்லிங்கே நல்லது. அதற்கும் தோளை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

அப்புறம் மாமியார்மார். அலமாரி நடத்துபவர்களின் உண்மையான பரீட்சை இதுதான். ஒரு வீட்டில், மருமகள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நின்றதும் மாமியார் பதறிவிட்டார். "ஏம்மா, இப்படிக் காலை விரிச்சுக் கட்டுனா பிள்ளைக்குக் கால் வளைஞ்சிடாதா?"

"அம்மா, நீங்க எப்படித் தூக்குவீங்க? கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்றேன்.

பழக்கதோஷத்தில் பிள்ளையை வாங்கி ஒக்கலில் வைத்தார். முட்டி இரண்டும் பிட்டத்தைவிட உயரத்தில், தொடை அகன்று, இடுப்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது பிள்ளை. "இதே கால்தான் அங்கயும். உங்க கைக்குப் பதிலா துணி" என்றதும் குனிந்து பார்த்துக்கொண்டார். இடுப்பு மூட்டுக்கு இப்படி அகன்று மடங்கியிருப்பதுதான் நல்லது. கால் இரண்டும் சேர்ந்து நேராகத் தொங்குவதும், நீட்டி இறுக்கிச் சுற்றுவதும்தான் கெடுதல். ரிங் ஸ்லிங்கை அந்த அம்மாவுக்கே போட்டுவிட்டேன். கழற்றிக் கொடுக்க மனமே வரவில்லை அவருக்கு. "தூக்கித் தூக்கிப் பழக்குனா அப்புறம் இறங்காது" என்று மட்டும் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அதற்கெல்லாம் நான் வாதாடுவதில்லை.

உங்கள் புளோக்கில் இருக்கும் மூத்தவர்களையும் தேடிப் பிடியுங்கள். எங்கள் கீழ்மாடி மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, நீளமான பாத்தேக் துணியைத் தோளில் போட்டு, ஒரு முடிச்சில் பேரனைத் தூக்கிக்கொள்வார். சீனப் பாட்டிகளில் பலர் நாலு மூலையில் நாடா வைத்த துணியால் முதுகில் கட்டியே பிள்ளை வளர்த்தவர்கள். முதுகில் கட்டுவதைச் சொல்லித்தர அவர்களைவிட ஆள் இல்லை. மொழி ஒரு தடையே இல்லை, கை பேசும்.

கட்டிக்கொண்டு செய்யக் கூடாதவற்றை ஒரு தாளில் அச்சடித்துப் பையில் போட்டுவிடுங்கள். அடுப்பில் தாளிக்கக் கூடாது, கையில் சூடான கோப்பி கூடாது, சைக்கிள் கூடாது. காரில் ஸ்லிங்கோடு பெல்ட் போட்டுக்கொண்டு உட்காரவே கூடாது. 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குக் காரில் தகுந்த இருக்கை வேண்டும் என்பது சட்டம். டாக்சிக்கு மட்டும் அதில் விலக்கு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. விலக்கு இருப்பதால் டாக்சியில் ஆபத்து குறைந்துவிடாது என்பதையும் சொல்லுங்கள்.

துவைப்பது, வைப்பது, தூக்கிப் போடுவது

வாசனை குறைந்த சோப்புத் திரவம் கொஞ்சமாக. துணியை மென்மையாக்கும் திரவம் கூடாது, ரிங் ஸ்லிங்கில் பிடிப்பு போய் வழுக்க ஆரம்பிக்கும். பக்கிளையெல்லாம் மாட்டி, வலைப்பைக்குள் போட்டு மெதுவான சுற்றில் விடுங்கள். டிரையர் வேண்டாம். கழியில் நிழலாகக் காயட்டும். டிசம்பர் மழையில் ஒரு நாளில் காயாது. காற்றாடியைத் திருப்பிவிட்டு முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை. தோள்பட்டையைப் பிள்ளைகள் சப்பிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்குத் தனியாக ஒரு துணி உறை தைத்து மாட்டிவிட்டால் அதை மட்டும் அடிக்கடி துவைக்கலாம்.

அலமாரியில் பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள். இதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சிங்கப்பூரில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று 1965 முதலே பரிசோதித்துவருகிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஆகாது. வாசம் ஏறிய துணி மேலே பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள்காமாலை கடுமையாகிவிடலாம். இரவல் வாங்குகிறவர் வீட்டு அலமாரியிலும் உருண்டை இருக்கும், ஆகையால் அவர்களிடமும் சொல்லுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டால் போதும், அதையும் பிள்ளை கைக்கு எட்டாமல்.

ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஜன்னல் வெளிச்சச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தோள்பட்டைத் தையல், பக்கிள், வளையம் இவற்றில் சந்தேகம் வந்தால் தைத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். தையல்காரி நானே தைப்பதில்லை. கை அரிக்கும், ஆனாலும் தொடுவதில்லை. பொத்தான், தலைமறைப்புத் துணி, நாடா மாதிரி கனம் தாங்காதவை என்றால் தைக்கலாம். மற்றது குப்பைக்குத்தான், அதுவும் அப்படியே போடாமல் பட்டைகளை இரண்டாக வெட்டி, பக்கிளைத் தனியே அறுத்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் எடுத்துப்போய் யாரிடமாவது விற்பார், அது ஒரு பிள்ளையின் கனத்தைத் தாங்கப் போகும்.

ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய அளவுக் கேரியர் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் தீபாவளிக்கும்தான் அதற்குக் கிராக்கி. மூன்று பேர் கேட்ட பிறகு ஒன்று வாங்குங்கள், பிணைப்பணத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், திரும்பும் விமானத் தேதியைக் கேட்டு எழுதிவையுங்கள்.